காரைக்குடிப் பக்கம் இருபது குழாய் உமிழ்நீர்

கூரியர் அலுவலகத்தில் இருந்தவர் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்னம்மா, கண்ணாடியா?" என்றார். பிளாஸ்டிக் குழாய்கள் என்றேன். "காலிக் குழாயவா சென்னையில இருந்து அனுப்பியிருக்காக?" ஆமாம், இருபது குழாய்கள், நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். எதைக் கொண்டு நிரப்புவது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வெரசாப் போங்க, மழ வருது" என்றார். மழை வரவில்லை. காரைக்குடிப் பக்கம் நான் இருந்த ஐந்து நாளும் யாராவது ஒருவர் மழை வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து நாளும் வெயில் அடித்தது.

நிரப்ப வேண்டியது உமிழ்நீர்.

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கோலாலம்பூரில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். என் அக்கா உமையாளுக்குச் சிறு வயதிலிருந்தே மேசை முனையில் இடித்துக்கொண்டால் ஒரு வாரம் நீலம் பாரித்திருக்கும். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் நிற்காது. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் அவளுக்குக் குறைவு. சென்ற ஆண்டு அவளுடைய எலும்பு மஜ்ஜையைச் சோதித்தவர்கள், இது மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோயை நோக்கி நகர்கிறது என்றார்கள். வேறொருவரின் மஜ்ஜை அணுக்களைச் செலுத்த வேண்டும். என்னுடையவை அவளுக்கு முழுமையாகப் பொருந்தின. வீட்டில் எல்லோரும் அன்று நிம்மதியாக உறங்கினோம். மறுநாள் மரபணுச் சோதனையின் முடிவு வந்தது.

அக்காவின் மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதே மாற்றம் எனக்கும் இருந்தது. எங்கள் தந்தைக்கும் (அப்பச்சி என்போம்) இருந்தது. எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்பச்சியின் பிளேட்லெட் எண்ணிக்கையோ குறைவு என்றும் சரி என்றும் சொல்ல முடியாத இடத்தில் நின்றது. நோய்க்கு வேர் அந்த எழுத்துதான் என்றால், என் மஜ்ஜையும் ஒரு நாள் அதே வழியில் போகக்கூடும். அதை அக்காவுக்குக் கொடுக்கக் கூடாது. அது தீங்கில்லாத மாற்றம் என்றால் கொடுக்கலாம். அறிக்கையோ 'பொருள் தெளிவில்லை' என்று எழுதி நிறுத்தியிருந்தது. நான் படிக்கும் துறையில் இதைப் பாடபேதம் என்பார்கள். ஒரே ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு, ஒரு சொல் பிழையா, அதுவும் ஒரு நல்ல பாடமா என்று முடிவு செய்ய முடியாது. வேறு ஏடுகள் வேண்டும்.

சென்னையில் இவ்வகை நோய்களின் மரபணுக் காரணங்களை ஆராயும் டாக்டர் நிர்மலாவும் தொலைபேசியில் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார். "உங்க அப்பா வழியில வயசானவங்க வேணும். யார்கிட்ட அந்த மாற்றம் இருக்கு, யாருக்குப் பிளேட்லெட் குறைவு, ரெண்டும் ஒண்ணாப் போகுதா, அதான் கேள்வி." அப்பச்சி ஒரு தாளில் வம்சத்தை வரைந்து கொடுத்தார். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் காலஞ்சென்ற தந்தை, வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவருக்கு அப்பச்சி ஒரே பிள்ளை. ஆகவே நெருங்கிய உறவு என்றால் ஐயாவின் பங்காளிகள்தாம். அவர்கள் வலையபட்டியில் இருக்கிறார்கள். அந்த வாரம் அங்கே சாத்தப்பன் பெரியப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம். பெற்றோர் மருத்துவமனையை விட்டு நகர முடியாது. பேச்சு குறைந்தவளான என்னை அனுப்பினார்கள். உமையாள் படுக்கையில் இருந்தபடி, "நீ அவங்களைப் பேச வைக்க வேணாம், துப்ப வச்சாப் போதும்" என்று வழியனுப்பினாள்.

வலையபட்டிக்கு நகரப் பேருந்தில் போனேன். நிற்கத்தான் இடம் இருந்தது. பெட்டியை மார்போடு அணைத்து நின்ற என்னைப் பார்த்து, உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "அத இங்குட்டுக் குடுங்க" என்று கையை நீட்டினார். கோலாலம்பூர் ரயிலில் முன்பின் தெரியாதவர் என் பையைக் கேட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவேன். இங்கே மறுப்பதுதான் தவறு என்று தோன்றியது, கொடுத்தேன். அவர் தம் ஊரில் இறங்கும்போது பெட்டியைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் வைத்தார். அவர் இறங்கும்போது முன்வரிசைக்கு அனுப்பினார். வலையபட்டியில் நான் பின்வாசல் வழியாக இறங்கியபோது பெட்டி ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தது. பேருந்து நகர்ந்துவிட்டது. "நிப்பாட்டுங்கய்யா, அந்தப் புள்ளையோட பொட்டி முன்னால இருக்கு" என்று உள்ளே நான்கைந்து பேர் எனக்காகக் கத்தினார்கள். பெட்டி, போன வழியிலேயே கைக்குக் கை மாறி, சன்னல் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது.

குழாய்ப் பெட்டியின் மூடியில் ஒரு விதி அச்சாகியிருந்தது: உமிழ்நீர் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் எதையும் உண்ணவோ, பருகவோ, மெல்லவோ கூடாது. இதை எழுதியவர் செட்டிநாட்டுக் கல்யாண வீடு எதையும் பார்த்தவரல்லர். காலை ஐந்தரைக்குக் காபி. ஏழு மணிக்கு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும், இட்லியும், அதன்மேல் தாராளமாக நெய்யும். ஒன்பது மணிக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் காபி. அவர்கள் தனியாகக் குடிக்கக் கூடாதே என்று ஏற்கெனவே குடித்தவர்களும் குடித்தார்கள். பதினொன்றுக்குக் கந்தரப்பம். சமையல் கட்டிலிருந்து தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. வாய்கள் ஓயவே இல்லை. கிள்ளானில் இதே பலகாரங்கள் பண்டிகைக்குப் பண்டிகை பொட்டலமாக வரும். அவற்றைச் சூடாக உண்ணலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் நிறையச் சாப்பிட்டேன். ஆனால் முதல் நாள் முழுவதும் ஒரு குழாய்கூட நிரம்பவில்லை.

"அரை மணி நேரந்தானே, இருந்துட்டாப் போச்சு" என்று உறுதி கொடுத்த ஒருவரைப் பத்து நிமிடத்தில் சீப்புச் சீடையும் கையுமாகக் கண்டேன். நான் பார்த்ததும், "இதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா?" என்று கேட்டார், உண்மையான ஐயத்தோடு.

ஒப்புதல் வாங்குவதற்காக டாக்டர் நிர்மலா அன்று மாலை தொலைபேசியில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசினார். சோதனையின் நோக்கத்தையும், விரும்பாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். இவர்கள் அதைவிடப் பொறுமையாக, அவருக்கு எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார்கள். பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள். பன்னிரண்டாமவரோடு பேசி முடித்ததும் டாக்டர் என்னிடம், "என் குடும்ப வரலாறு முழுசும் இப்ப அவங்ககிட்ட இருக்கு" என்றார்.

வழி கண்டுபிடித்தவர் மணமகளாகிய விசாலாட்சி பெரியாத்தா. "ஏத்தா மெய்யம்மை, ஏன் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறே? நாளைக்கு ஓமம் முடிஞ்சு கும்பத்துத் தண்ணி ஊத்துற வரைக்கும் பங்காளிக யாரும் வாயில ஒண்ணும் போட மாட்டாக. அப்பப் புடிச்சுக்க."

மறுநாள் காலை அப்படியே செய்யத் துணிந்தேன். புகை சூழ்ந்த வளவு முற்றத்தில் ஒருவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "ஓமம் நடக்கையில துப்பச் சொல்றது எந்த ஊரு முறை?" என்றார். நான் குழாயைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாலையும் கழுத்துமாக அமர்ந்திருந்த பெரியப்பச்சி திரும்பாமலே, "பின்கட்டுல போய்த் துப்பிட்டு, கை கால் கழுவிட்டு வந்து ஒக்காருங்க. உமையாளுக்குத்தானே கேக்குது. அந்தப் புள்ள நல்லா இருந்தா அதவிட என்ன ஓமம்?" என்றார். மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தவரும் ஒரு கணம் நிறுத்தி, ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார்.

கிணற்றடியில் பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாகப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, கோடு வரை நிரம்பிவிட்டதா என்று குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். யார் முதலில் நிரப்புவது என்று போட்டியே நடந்தது. நான் ஒவ்வொரு குழாயிலும் எண் எழுதி, படிவத்தில் வயதும் உடல்நலமும் குறித்துக்கொண்டேன். வேலை சீராக நடந்ததில் மனம் நிறைந்திருந்தது. கடைசியாகப் பெரியாத்தாவிடம் (அவர் வேறு வீட்டில் பிறந்தவர், குழாய் அவருக்கில்லை) இந்தக் குடும்பத்தில் யாருக்காவது மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்ததுண்டா என்று கேட்டேன்.

"இந்த வீட்டுல ஒருத்தருக்கும் கெடையாது. ஒங்க ஐயாவுக்கு வரும்பாக. அது அந்த வீட்டு ஒடம்பு."

எந்த வீடு என்றேன்.

"பொறந்த வீடு. புதுவயலு. அவுக இங்க கூட்டுன பிள்ளைதானே, ஒனக்குச் சொல்லலையா?"

பிள்ளை இல்லாத வீட்டார், தங்கள் கோயிலைச் சேர்ந்த, பங்காளி முறையான வேறொரு வீட்டிலிருந்து ஒரு மகனை முறைப்படி எடுத்துக்கொள்வதைப் பிள்ளை கூட்டுவது என்பார்கள். இதை நான் ஆய்வுக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன், அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்தது என்று மட்டும் தெரியாது. பன்னிரண்டு குழாய்களும் என் காலடியில் இருந்தன. அவற்றில் ஒரு சொட்டுகூட ஐயாவின் பிறப்பு வழியைச் சேர்ந்ததல்ல.

அப்பச்சியை அழைத்தேன். "வம்சம் கேட்டே, வம்சத்தைக் கொடுத்தேன். கூட்டிக்கிட்டு வந்துட்டா அந்த வீடு வேற வீடு. அதைப் பேசுறது கூட்டிக்கிட்டவகளுக்குச் செய்யிற அவமரியாதைன்னு ஐயா சொல்லியிருக்காக" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. கோயில் கணக்கில் எந்த வீட்டுக்கு எந்த மகன் என்று இருக்கிறதோ, அதையே பிசகில்லாமல் வரைந்திருந்தார். அந்த முறையில் அது சரியான படம்தான்.

டாக்டர் நிர்மலாவிடம் சொல்ல எனக்கு அரை மணி நேரம் தேவைப்பட்டது. அவர் சிரித்தார். "ஒரு குழாயையும் கொட்டிடாதீங்க. அதே ஊர், அதே சமூகம், ஆனா உங்களுக்கு நெருங்கின ரத்த உறவு இல்ல. இவங்ககிட்ட அந்த எழுத்து எவ்வளவு பேருக்கு இருக்குன்னும் எனக்குத் தெரியணும். உலகத்துல சேர்த்து வச்சிருக்கிற மரபணுத் தகவல்ல உங்க ஆளுங்க அநேகமா இல்லவே இல்ல. அதனாலதான் அந்த எழுத்து அபூர்வமாத் தெரியுதோ என்னவோ. மிச்சம் எட்டுக் குழாய் இருக்கில்ல? புதுவயலுக்குப் போங்க."

புதுவயல் நெல்லாலைகளின் ஊர். லாரிகள் சாலையை அடைத்து நின்றன; உமி காற்றில் பறந்து பேருந்துக்குள் வந்து எல்லோர் தலையிலும் சமமாக இறங்கியது. மூட்டை சரிந்த லாரி ஒன்றின் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றோம். நடத்துநர் இறங்கிப் போய் மூட்டை தூக்க உதவிவிட்டு, வேர்வையோடு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சீட்டுக் கொடுக்கத் தொடங்கினார். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. இம்முறை பெட்டியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அதற்காக இரண்டு பேர் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள்.

வழி விசாரித்துப் போன வீட்டில் ஐயாவின் தம்பி இருந்தார். ஒரே பிள்ளை என்று நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக நம்பிவந்தவருக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் உயிரோடு இருக்கிறார்கள். தம்பியின் பெயர் நாச்சியப்பன், வயது எண்பத்து நான்கு. அவர் மகள் தெய்வானை அத்தை ஆலை ஒன்றில் மேலாளராக இருக்கிறார்; தொலைபேசியில் பெரியாத்தா முன்பே எல்லாம் சொல்லியிருந்ததால் விடுப்பு எடுத்துக் காத்திருந்தார். நான் பெயர் சொன்னதும் நாச்சியப்பன் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நெத்தி அவுக நெத்திதான்" என்றார். உங்களை எப்படி அழைப்பது என்று கேட்டேன். "சின்னையான்னு கூப்புடு. கூட்டிட்டுப் போன பெறகு எங்கண்ணன உறவு சொல்லக் கூடாதுன்னாக. பங்காளின்னுதான் சொல்லணுமாம். பங்காளியில மூத்தவன அண்ணேன்னுதானே கூப்புடணும்? நானும் அண்ணேன்னே கூப்புட்டேன். ஒருத்தராலயும் ஒண்ணும் சொல்ல முடியல." சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றோடு குலுங்கிச் சிரித்தார்.

வெற்றிலை என்றால் வாய் கொப்பளித்து அரை மணி நேரம். அத்தை கைப்பேசியில் அலாரம் வைத்தார். அந்த அரை மணியில் ஐயாவின் மூக்கைப் பற்றிக் கேட்டேன்.

"அது ஒடம்பு இல்லம்மா, ஊஞ்சலு. நாந்தான் பலகைய ஓங்கித் தள்ளிவிட்டேன். நேராப் போயி மூக்குல அடிச்சிருச்சு. எனக்கு அஞ்சு வயசு, அவுகளுக்கு ஒம்பது. அப்பறம் வெயில் காலம் வந்தா ஒழுகும். அந்த வருசந்தான் வலையபட்டிக்குக் கூட்டிட்டுப் போனாக. நான் மூக்க ஒடச்சதுனாலதான் வேற வீட்டுக்குக் குடுத்துட்டாகன்னு ரொம்ப வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அத்தை சட்டென்று அவர் பக்கம் திரும்பினார், அவருக்கும் அது புதிய செய்தி என்று தெரிந்தது. "இத எங்ககிட்டச் சொல்லவே இல்லையேப்பச்சி" என்றார். "யாரும் மூக்கப் பத்திக் கேக்கலையே" என்றார் சின்னையா.

அலாரம் அடித்தது. ஆனால் உமிழ்நீர் வரவில்லை. எண்பத்து நான்கு வயது வாய் வறண்டிருந்தது. கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தோம். எலுமிச்சம்பழத்தை எதிரே வைத்துப் பார்த்தோம். "அத எத்தன தடவ பாத்திருக்கேன்" என்று அவர் சலித்துக்கொண்டார். அத்தை என்னைப் பார்த்து, "நேத்து விருந்துல என்னென்ன போட்டாகன்னு சொல்லு. அப்பச்சிக்கு மூட்டு வலி, வர முடியலைன்னு ஏக்கம்" என்றார்.

நான் கூட்டத்தில் பேசுகிறவள் அல்லள். ஆனால் ஒன்றை வரிசை பிறழாமல் சொல்ல எனக்குத் தெரியும். இலையின் இடக்கோடியிலிருந்து தொடங்கினேன். உப்பு, மாங்காய் ஊறுகாய், இனிப்புப் பச்சடி, உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைப்பூ வடை. அவர் கண்களை மூடிக்கொண்டார். சாதம், பருப்பு, உருக்கின நெய். சாம்பார். வெண்டைக்காய் மண்டி.

"நில்லு. மண்டியில முழுப் பூண்டா, தட்டிப் போட்டதா?"

முழுப் பூண்டு என்றேன்.

"மொச்சை?"

இருந்தது.

"பச்ச மொளகாயக் கீறிப் போட்டாகளா? புளி தூக்கலா இருந்துச்சா?"

தூக்கலாக இருந்தது, அரிசி கழுவிய தண்ணீரில் கரைத்த புளி, வாயில் வைத்ததும் காதோரம் கூசியது என்றேன். அத்தை குழாயை நீட்டினார். கோட்டையும் தாண்டி நிரம்பியது. "போதும் அப்பச்சி" என்று அவர் சொன்ன பிறகும் சின்னையா, "பாயசம் சொல்லலையே" என்றார்.

அந்த வீட்டில் அன்று கூடியிருந்தது அவரும், தங்கையும், இருவரின் பிள்ளைகளுமாக எட்டுப் பேர். மாலைக்குள் எட்டுக் குழாய்களும் நிரம்பின. காரைக்குடிப் பரிசோதனை நிலையத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் போனார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எண்ணிக்கைகள் கைப்பேசிக்கு வந்துவிட்டன. எட்டும் சரியாக இருந்தன.

"எனக்கு நல்லாருக்கா?" என்றார் சின்னையா. என்னைவிட உங்களுக்குத்தான் பிளேட்லெட் அதிகம் என்றேன். "அப்ப எங்கிட்டயே எடுத்துக்கச் சொல்லு." இந்த வயதில் எடுக்க மாட்டார்கள் என்றேன். "ஏன், பழசுன்னா நல்லதுதானே? ஊரே காரைக்குடிக்கு வந்து பழைய கதவு, பழைய தூணுன்னு தேடித்தானே வாங்கிட்டுப் போகுது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த எண்ணிக்கைகள் மட்டும் எதையும் முடிவு செய்யாது என்பது எனக்குத் தெரியும். இவர்களிடம் அந்த எழுத்தும் இருந்தால்தான், அதைச் சுமந்துகொண்டு எண்பது வயது வரை நலமாக இருக்கலாம் என்று பொருள். ஆகவே, எங்களை அச்சுறுத்திய அதே மாற்றம் இவர்களிடமும் இருக்க வேண்டுமே என்று, அவர்கள் கையால் இடியாப்பம் வாங்கி உண்டுகொண்டே வேண்டிக்கொண்டேன். விருந்தாளி ஒருத்தி மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடிய நல்ல எண்ணமா அது என்று இன்னமும் எனக்கு ஐயம் உண்டு.

மறுநாள் இருபது குழாய்களையும் அதே கூரியர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

ஐந்து வாரம் கழித்து டாக்டர் நிர்மலா அழைத்தார். புதுவயல் எட்டுப் பேரில் ஐந்து பேரிடம் அந்த எழுத்து இருந்தது. சின்னையாவிடமும் அவர் தங்கையிடமும் இருந்தது. வலையபட்டிப் பன்னிரண்டு பேரில் நான்கு பேரிடமும் இருந்தது. "இது நோயோட எழுத்து இல்ல, உங்க ஊரோட எழுத்து" என்றார். அக்காவின் நோய்க்கான காரணம் வேறெங்கோ இருக்கிறது, அதைத் தொடர்ந்து தேடுவோம் என்றும் சொன்னார். திருத்திய அறிக்கையில் 'தீங்கில்லை' என்று எழுதியிருந்தது. நான் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அப்பச்சி வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் புதுவயலுக்குத் தாமே அழைத்து, வாழ்வில் முதன்முறையாக, "சித்தப்பா" என்றார்.

மஜ்ஜை அணுக்களை ரத்தத்துக்கு வரவைக்க நான்கு நாள் ஊசி போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், இரு கைகளிலும் குழாய் செருகி, ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் நான்கு மணி நேரம் படுத்திருந்தேன். இளஞ்சிவப்பாக ஒரு பை மெல்ல நிரம்பியது. அதிலிருந்த சீட்டில் கொடுப்பவர் பெயர், பெறுபவர் பெயர் இரண்டையும் தாதி எனக்குப் படித்துக் காட்டிச் சரிபார்த்தார். அதை ஒரு பெட்டியில் வைத்து மின்தூக்கிக்கு எடுத்துப் போனார். உமையாள் இருந்த தனியறைக்கு என்னை விடமாட்டார்கள். மின்தூக்கியின் கதவு மூடியதும் அதன் மேல் ஒளிர்ந்த எண்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்: மூன்று, நான்கு, ஐந்து.

சற்று நேரத்தில் அவளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

"எட்டாம் மாடிக்கு வந்து சேர்ந்துட்டே. இப்பத்தான் உள்ளே இறங்குறே."